பீட் சேர்ந்தது, சுருதி சேர்ந்ததா?

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் தேனியிலிருந்து கூடலூர் வரையுள்ள பள்ளத்தாக்கில் ஏதாவது ஓர் ஊரில் சாமி புறப்பாடு இருக்கும். உறுமியும் நையாண்டி மேளமும் முழங்கிய இடங்களில் இப்போது டிஜே செட்டும் வந்து நிற்கிறது. நம் பையன்களின் தாளக் கணக்கில் குறை சொல்ல இடமில்லை. அடுத்த பாட்டின் முதல் அடி ஓடுகிற பாட்டின் முதல் அடி மேல் கச்சிதமாக உட்காருகிறது. ஆட்டம் கைநழுவுவது சுருதியில்.

சினிமாப் பாட்டை இன்னொரு சினிமாப் பாட்டோடு ஒட்டும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. இரண்டு நொடியில் வெட்டித் தாவிவிடலாம். டெக்னோவில் அப்படித் தப்பிக்க வழியில்லை. அங்கே ஒரு டிராக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக 32 பார் எடுத்துக்கொள்வது சாதாரணம். 128 பிபிஎம் வேகத்தில் அது சரியாக ஒரு நிமிடம். அந்த நிமிடம் முழுக்க இரண்டு டிராக்கும் சேர்ந்தே ஓடும். போதாததற்கு, டெக்னோவில் கார்டு மாற்றம் குறைவு. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து நிற்பதைப் போல ஒரே பேஸ் சுரம் விடாமல் ஒலிக்கும். ஒன்று 1 கட்டையிலும் மற்றது ஒன்றரைக் கட்டையிலும் நின்றால், தாளம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காது கூசும்.

இதற்காக உலகமெங்கும் டிஜேக்கள் வைத்திருப்பது கேமலாட் சக்கரம். 1 முதல் 12 வரை எண்கள். மேஜருக்கு பி, மைனருக்கு ஏ. பக்கத்து எண்ணுக்கு நகரலாம், அல்லது எண்ணை வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றலாம் என்பது விதி. விதியை மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். காரணம் தெரிந்தால் கை இன்னும் துணிச்சலாக நகரும், அந்தக் காரணம் நம் சங்கீதத்திலேயே இருக்கிறது. 8பி என்பது 1 கட்டை சங்கராபரணம். 9பி, 5 கட்டை சங்கராபரணம். இரண்டுக்கும் ஏழில் ஆறு சுரங்கள் பொது. 1 கட்டையில் நின்று கேட்டால் மாறுவது மத்யமம் மட்டும்: சுத்த மத்யமம் போய்ப் பிரதி மத்யமம் வருகிறது, சங்கராபரணம் கல்யாணியாகிறது. 8பி-யிலிருந்து 8ஏ-வுக்குப் போனால் அதுகூட மாறாது. சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் 6 கட்டை நடபைரவி. இதைத்தான் கிரக பேதம் என்கிறோம்.

இந்த இரண்டு உலகமும் சந்தித்த பதிவு ஒன்று உண்டு. மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்டின் டிபி-303, டிஆர்-808 கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்குப் பெயர் வாங்கித் தந்த ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளிவந்தது 1987-ல்தான். சிங்கின் பட்டியலில் பூபாலியும் மால்கவுன்ஸும் இருக்கின்றன. நமக்கு மோகனமும் ஹிந்தோளமும். மோகனத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் ஹிந்தோளம் கிடைக்கும். அதனால் 1 கட்டை மோகனத்திலிருந்து 3 கட்டை ஹிந்தோளத்துக்குப் போனால் ஒரு சுரம்கூடப் புதிதாக வராது, ஆனால் பாட்டின் முகமே மாறிவிடும். கேமலாட் எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நகர்வு கண்ணில் படாது. என்னைக் கேட்டால், செட்டின் உச்சத்தில் வைக்க இதைவிட நல்ல திருப்பம் இல்லை.

பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாட்டு இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கில் எந்த செட்டும் முடியாது. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ.கூட ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து துண்டெடுத்துத்தான் 2007-ல் ‘பேம்பூ பங்கா’ செய்தார். ஆனால் டேப்பில் பதிவான பழைய பாட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. பல பாட்டுகள் கால் கட்டை ஏறியோ இறங்கியோ நிற்கும். சுருதி பார்க்கும் மென்பொருள் அருகில் இருக்கும் கட்டையின் எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதை நம்பிக் கலந்தால் எண் சரியாக இருக்கும், சுருதி உறுத்தும்.

வேகம் மாறினாலும் சுருதியை மாறவிடாத மாஸ்டர் டெம்போவை அணைத்துவிட்டு, பிட்ச் ஃபேடரை மூன்று சதவீதம் வரை நகர்த்திப் பாட்டை முதலில் சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். ஆறு சதவீதம் நகர்த்தினால் அரைக் கட்டையே மாறிவிடும் என்பதால் இங்கே கை பதமாக இருக்க வேண்டும். பிறகு, மாஸ்டர் டெம்போவைப் போட்ட டெக்னோ டிராக்கை அந்தப் பாட்டின் வேகத்துக்கு இழுக்கலாம். ஆட்கள் வாசித்த பாட்டு நடுவில் கொஞ்சம் ஓடும், கொஞ்சம் தங்கும்; அதையும் கூடவே பிடித்துப் போக வேண்டும். நம் ஆட்களில் பலர் செய்வது தலைகீழ். பாட்டை இழுத்து டெக்னோவுக்குள் திணிக்கிறார்கள், எஸ்.பி.பி.யின் குரல் தகரமாகிப்போகிறது.

செட்டுக்கு நடுவே உறுமிக்காரர்கள் உள்ளே வந்தால் வேறு கணக்கு. வளைந்த குச்சியால் உறுமியின் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த இழுப்பு, டெக்னோவின் பேஸ் இருக்கும் அதே இடத்துக்குத்தான் வந்து உட்காரும். அதற்கு நிலையான கட்டை கிடையாது, சறுக்கிக்கொண்டே போகும். மிக்ஸரில் பேஸை முழுக்க இறக்கிவிட்டு, கிக்கின் மேல்முனையையும் ஹைஹாட்டையும் மட்டும் விட்டுவைத்தால் போதும். வாசிப்பவர் குச்சியை எடுத்த அடுத்த பாரின் முதல் அடியில் பேஸ் திரும்ப வரலாம்.