பேரேடும் துப்பாக்கியும்: ப. சிங்காரம் புதினங்களில் போர்க்காலப் பொருளியல்

முன்னுரை

இரண்டாம் உலகப் போரை நேர்க்களனாகக் கொண்ட தமிழ்ப் புதினங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ப. சிங்காரம் (1920-1997) எழுதிய 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய இரண்டும் தனியிடம் பெறுவன. சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் 1938இல் சுமத்ராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடைப் பணிக்குச் சென்றார். போர் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பினார். மதுரையில் நாளிதழ்ப் பணியில் வாழ்நாளைக் கழித்தார். தாம் எழுதிய உலகை உள்ளிருந்து அறிந்தவர் அவர்.

இப்புதினங்கள் இதுவரை பெரிதும் இரு வகையில் வாசிக்கப்பட்டுள்ளன. இந்திய தேசிய இராணுவத்தின் வீர வரலாற்றோடு இணைத்துக் காண்பது ஒருவகை. பாண்டியன் என்னும் தனிமனிதனின் அகத்தேடலாகவும் வேரற்ற அலைவாகவும் காண்பது மற்றொரு வகை. இரண்டிற்கும் புதினங்களில் இடமுண்டு. ஆயினும் இரண்டுமே வட்டிக்கடையைக் கதையின் பின்புலமாக மட்டும் கொண்டு கடந்துவிடுகின்றன. அவ்வட்டிக்கடையே இப்புதினங்களின் கருத்தியல் மையம் என்பதும், போரில் ஆட்சி மாறினாலும் நாணயம் மாறினாலும் கடன் என்னும் உறவு மாறுவதில்லை என்பதைச் சிங்காரம் கண்டுணர்த்துகிறார் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

வட்டிக்கடையின் உலகம்

மலாக்கா நீரிணையின் இருகரையும் நெடுங்காலம் ஒரே வணிகக் களமாக விளங்கியவை. 1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கை அக்களத்தை இரு பேரரசுகளுக்கும் பங்கிட்டது. மலாயா ஆங்கிலேயர்க்கும் சுமத்ரா டச்சுக்காரர்க்கும் உரிய செல்வாக்கு எல்லைகளாயின. சுமத்ராவின் டெலிப் பகுதியில் 1863இல் தொடங்கிய புகையிலைப் பயிர் அந்நிலத்தை உலகச் சந்தையோடு பிணைத்தது. ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைத் தண்டிக்க வகைசெய்த கூலிச் சட்டம் 1880இல் பிறந்தது. மேடான் இத்தோட்டப் பணத்தால் எழுந்த நகரம். நகரத்தாரும், அவர்தம் தொழில்முறையைப் பின்பற்றிய பிற தமிழ் வணிகரும் இத்தகைய நகரங்களில் கடை திறந்தனர்.

அக்கடையின் படிநிலையைச் சிங்காரம் அதன் சொற்களாலேயே காட்டுகிறார். முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என அமைந்த அவ்வரிசையில் ஒருவனது தகுதி பேரேட்டின் துப்புரவாலும் அடக்கத்தாலும் அளக்கப்படுகிறது. சிறுவனாகச் சேர்ந்தவன் படிப்படியாக உயர்ந்து தனிக்கடை வைப்பதே அவ்வுலகின் வாழ்க்கை இலக்கணம். கடல் கடந்த தமிழரின் அறவியலும் ஆசையும் அச்சமும் இவ்விலக்கணத்துள் அடங்குகின்றன.

இத்தொழில் தான் இயங்கிய நாடுகளில் விளைத்த மாற்றம் சிறிதன்று. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தின் ஏறத்தாழ 6 விழுக்காடு நகரத்தார் கையில் இருந்தது. உலகப் பொருளியல் மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனை மீட்க இயலாத உழவரின் நிலம் கடன் கொடுத்தவரிடம் சேர்ந்தது. 1937இல் அப்பங்கு 25 விழுக்காடாயிற்று. நிலவுடைமையை நாடாதவரும் கடனின் போக்கால் நிலவுடைமையாளராயினர். போருக்கு முன்பே தென்கிழக்காசிய நாடுகளில் தமிழ் வட்டித்தொழிலின் மீது எழுந்த வெறுப்பை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

நாணயம் மாறும் நாடு

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் கோத்தபாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சுத் திங்களில் சுமத்ராவும் அவர்கள் வசமாயிற்று. 'புயலிலே ஒரு தோணி' மேடான் நகருள் சப்பானியப் படை நுழையும் காட்சியோடு தொடங்குகிறது. பழைய ஆட்சி ஒழிந்து புதிய ஆட்சி நிலைபெறாத இடைவெளியில் கொள்ளை நிகழ்கிறது. கொள்ளையரின் தலைகளை வெட்டிப் பொதுவிடத்தில் வைத்துப் புதிய ஆட்சி தன் வருகையை அறிவிக்கிறது. போரின் கொடுமையை உணர்த்துவதோடு இக்காட்சியின் பணி முடிவதில்லை. உடைமையைக் காப்பதாகக் காட்டிக்கொள்வதே எவ்வாட்சிக்கும் முதல் உரிமைச்சான்று என்பதும், அக்காப்பின் அடியில் வன்முறை உறைகிறது என்பதும் இதனால் புலனாகின்றன. நேற்றுவரை சட்டத்தின் மொழியில் ஒளிந்திருந்த ஒன்று கடைத்தெருவில் வெளிப்படையாக வைக்கப்படுகிறது.

தலையை வெட்டி உடைமையைக் காத்த அதே ஆட்சி, தாள் அச்சிட்டு உடைமையின் மதிப்பைக் கரைத்தது. மலாயாவில் சப்பானியர் வெளியிட்ட பணத்தின் பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்தமையால் மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றனர். பிற்காலத்தில் வரிசை எண்கூட இன்றி அத்தாள்கள் அச்சாயின. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியை நம்பியிருந்த மலாயா மரவள்ளிக் கிழங்கால் பசியாறியது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பியபோது அப்பணம் செல்லாது என அறிவிக்கப்பட்டது.

வட்டித்தொழிலுக்கு இது அடிப்படையான சிக்கலாகும். போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனைப் போர்க்காலத்தில் மதிப்பிழந்த தாளில் திருப்பித் தந்தால் கடன் தீர்ந்ததா? இவ்வினாவுக்கு விடை காண மலாயாவில் 1948இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆக்கிரமிப்புப் பணத்தின் மதிப்பு காலந்தோறும் சரிந்ததை அட்டவணையாக்கி அதன்படி கடனை மறுமதிப்பிட அச்சட்டம் வழிசெய்தது. போர் முடிந்து மூன்றாண்டுகள் கழிந்த பின்னும் ஐந்தொகை முடியவில்லை என்பதே இதன் பொருள்.

தோணிப் பயணத்தையும் இவ்வொளியில் காணலாம். புயலில் சிக்கிய தொங்கானைத் திறனாய்வாளர் வாழ்வின் நிலையாமைக்குக் குறியீடாகக் கொள்வர். அது பொருத்தமே. எனினும் அது வணிகர் ஏறிச் செல்லும் கலம் என்பதை மறத்தலாகாது. கப்பல் போக்குவரத்து சீர்குலைந்த நிலையிலும் உயிரைப் பணயம் வைத்து நீரிணையைக் கடக்க அவர்களைத் தூண்டுவது வணிகமே. குறியீட்டின் ஆற்றல் இப்பருப்பொருள் உண்மையிலிருந்தே பிறக்கிறது.

துப்பாக்கி ஏந்திய அடுத்தாள்

'கடலுக்கு அப்பால்' புதினத்தின் செல்லையா பினாங்கு வட்டிக்கடையில் பணியாற்றியவன். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவன். முதலாளி மகள் மரகதத்தை விரும்புபவன். போருக்குப்பின் மீண்டு வரும் அவனுக்கு முதலாளி வயிரமுத்துப் பிள்ளை பெண் தர மறுக்கிறார். துப்பாக்கி ஏந்தியவன் இனிப் பேரேட்டுக்கு ஒத்துவரமாட்டான் என்பது அவர் கணிப்பு.

இதனைக் காதலுக்குக் குறுக்கே நிற்கும் தந்தையின் பிடிவாதமாகக் கொள்வது எளிய வாசிப்பு. வயிரமுத்துப் பிள்ளை கொடியவராகப் படைக்கப்படவில்லை. தம் தொழிலின் தருக்கத்துக்கு நேர்மையாக நடப்பவர் அவர். வட்டிக்கடை பொறுமையை, பணிவை, நெடுங்கால நினைவை வேண்டுவது. போரோ உடனடி முடிவையும் உயிரைப் பொருட்படுத்தாமையையும் கற்பிப்பது. செல்லையாவின் வீரம் தேசத்தின் கணக்கில் வரவு; கடையின் கணக்கில் பற்று. போரிலிருந்து மீண்ட சமூகங்கள் பலவற்றிலும் படைவீரர் எதிர்கொண்ட சிக்கல் இது. அவர்தம் ஈகம் போற்றப்படும். அவர்க்கு உரிய இடமோ ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

பாண்டியன் இதே முரணின் மறுமுனை. அவன் கடைக்குத் திரும்ப முயல்வதில்லை. இந்திய தேசிய இராணுவத்திலிருந்து இந்தோனேசிய விடுதலைப் போராளிகளிடம் சென்று சேர்கிறான். இறுதியில் ஊர் திரும்ப எண்ணும் தறுவாயில் சுட்டுக் கொல்லப்படுகிறான். கடைக்குத் திரும்பியவன் இழப்போடு வாழ்கிறான். திரும்பாதவன் வாழ்வதே இல்லை. இரு புதினங்களையும் இணைத்துப் படிக்கும்போதே இவ்விருமுனை அமைப்பு விளங்கும்.

விடுதலையின் கணக்கு

இந்தோனேசியா 1945 ஆகஸ்டு 17இல் விடுதலையை அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் நேச நாட்டுப் படை மேடானில் இறங்கிய பின்னர் அந்நகர் போர்க்களமாயிற்று. 1946 மார்ச்சில் கிழக்குச் சுமத்ராவின் மலாய் அரச குடும்பங்களுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. கவிஞர் அமீர் அம்சாவும் அதில் கொல்லப்பட்டார். குடியரசு 1946 அக்டோபர் 30இல் தன் நாணயத்தை வெளியிட்டது. டச்சுப் பணத்தை ஏற்பதா, குடியரசுப் பணத்தை ஏற்பதா என்பதே சந்தையில் நிற்பவனின் அரசியலாயிற்று.

நான்காண்டுப் போராட்டத்திற்குப் பின் 1949 டிசம்பர் 27இல் நெதர்லாந்து இறையாண்மையைக் கையளித்தது. அதற்கு முன் தி ஹேக் நகரில் நிகழ்ந்த வட்டமேசை மாநாட்டில் காலனிய அரசின் கடனில் ஏறத்தாழ 430 கோடி கில்டரைப் புதிய நாடு ஏற்க வேண்டியதாயிற்று. டச்சு நிறுவனங்களின் உரிமைகளும் உறுதிசெய்யப்பட்டன. தன்னை ஆண்டவரின் கடனைத் தலையில் தாங்கியே அந்நாடு பிறந்தது. 1956இல் இந்தோனேசியா அவ்வுடன்பாட்டைத் தானே முறித்தது. 1957-58இல் டச்சு நிறுவனங்களைக் கையகப்படுத்தியது.

சிங்காரத்தின் கதை இம்மாநாட்டை எட்டுவதில்லை. ஆயினும் அவர் ஒரு கடையின் அளவில் கண்ட உண்மை நாட்டின் அளவிலும் மெய்ப்பட்டது. துப்பாக்கியால் வென்றவன் பேரேட்டின் முன் கடனாளியாக நிற்கிறான்.

காணாத கடனாளி

இப்புதினங்களின் எல்லையும் இவ்விடத்திலேயே தென்படுகிறது. பேரேட்டுக்கு இருபக்கமுண்டு. சிங்காரத்தின் பார்வை கொடுத்தவர் பக்கமிருந்தே விரிகிறது. நிலத்தை அடகு வைத்த மலாய்க் குடியானவனோ, தோட்டக் கூலியோ கதையின் மையத்தில் நிற்பதில்லை. மலாயாவில் 1913, 1933ஆம் ஆண்டுகளின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டங்கள் பிறந்தமைக்கு, நிலம் பிறர் கைக்கு மாறுதல் குறித்த அச்சமும் ஒரு காரணம். சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர். போரின் விலையை மிகுதியாகச் செலுத்திய இவர்கள் கணக்கு எழுதத் தெரிந்த கதைமாந்தரின் பார்வை விளிம்பிலேயே தங்கிவிடுகின்றனர்.

இது புதினங்களின் மதிப்பைக் குறைக்கும் குற்றச்சாட்டன்று. கடையின் உள்ளிருந்து பார்த்தமையாலேயே கடையைப் பற்றிய உண்மை துல்லியமாயிற்று. அதே காரணத்தால் கடைக்கு வெளியே உள்ளவை மங்கின. ஆற்றலும் குறையும் ஒரே நிலைப்பாட்டின் விளைவுகள். ஆகவே இப்புதினங்களைப் புலம்பெயர் தமிழரின் ஒட்டுமொத்த ஆவணமாகக் கொள்வது பிழையாகும். வணிகத் தமிழரின் ஆவணம் என்று வரையறுப்பதே பொருந்தும்.

முடிவுரை

போரிலக்கியத்தைக் களச்சாவுகளால் மட்டும் அளக்கும் வழக்கம் தமிழ்த் திறனாய்வில் உண்டு. பூசல்களால் சிதைந்த நாடுகளின் வரலாறோ களத்தில் முடிவதில்லை. எப்பணம் செல்லும், எக்கடன் நிற்கும், யார் எவ்விடத்துக்குத் திரும்பலாம் என்னும் வினாக்களாக அது தொடர்கிறது. அவ்வினாக்களைத் தமிழில் ஆழமாக எழுப்பிய பெருமை சிங்காரத்துக்கு உரியது. பாண்டியனின் அலைவையும் செல்லையாவின் இழப்பையும் தனிமனித ஊழாகக் கருதாமல், நாணயம் மாறிய நாடுகளின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போதே அவை முழுப்பொருள் பெறும். மலேசியத் தமிழ்ப் புதினங்களில் பதிவான தோட்டத் தொழிலாளர் வாழ்வை இவ்விரு புதினங்களோடு ஒப்புநோக்கும் ஆய்வு மேற்கொள்ளப்படின், பேரேட்டின் மறுபக்கமும் புலனாகும்.