கல் வைத்துப் பழுத்த முட்டை

இறைச்சிக்கூடத்துக் கழிவோடு குப்பைக்குப் போகவேண்டிய ஆட்டின் சினைப்பை, வெதுவெதுப்பான உப்புநீர் ஃபிளாஸ்க்கில் ஆய்வகம் வந்து சேர்கிறது. பாதாம் பருப்பளவுதான் இருக்கும். அதன் மேல் புடைத்திருக்கும் குமிழிகளை ஊசியால் உறிஞ்சிக் கருமுட்டைகளை எடுக்கிறார்கள். ஹார்மோன் கலந்த ஊட்டக் கரைசலில், 38.5 டிகிரி வெப்பத்தில், 5 விழுக்காடு கரியமில வாயுவில் 24 முதல் 27 மணி நேரம் வைக்கிறார்கள். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், முட்டையை இறுக்கிப் பிடித்திருந்த சூழ்செல்கள் கொட்டிய பஞ்சுபோல் விரிந்திருக்கும். அவற்றை உதிர்த்துவிட்டால், முட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன மணி தெரியும். அதுதான் துருவ உறுப்பு. அதைக் கண்டதும் ‘முதிர்ந்தது’ என்று குறித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதே என் கேள்வி. முதிர்ச்சி 70, 80 விழுக்காடு என்று சொல்லும் ஆய்வுகள் பல. அவற்றிலேயே கருவூட்டலுக்குப் பின், கருப்பையில் பதியத் தயாராகும் பிளாஸ்டோசிஸ்ட் நிலையை எட்டுபவை பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை.

காரணம் பழையது. குமிழியிலிருந்து வெளியே எடுத்த முயல் முட்டை தானாகவே பகுப்பைத் தொடர்கிறது என்பதை 1935-லேயே பின்கஸும் என்ஸ்மேனும் காட்டினார்கள். குமிழிக்குள் இருக்கும்வரை சூழ்செல்கள் அனுப்பும் சமிக்ஞைகள் முட்டையின் உட்கருவுக்குத் தடை போட்டிருக்கும். அந்த அவகாசத்தில் சைட்டோபிளாசம் கருவின் முதல் நாட்களுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் சேமித்துக்கொள்ளும். வெளியே எடுத்ததும் தடை விலகுகிறது. உட்கரு ஓடிவிடுகிறது, சைட்டோபிளாசம் பின்தங்கிவிடுகிறது. கார்பைடு கல் வைத்த மாம்பழத்துக்குத் தோல் மஞ்சளாகும். உள்ளே புளிப்பு மாறாது. துருவ உறுப்பு காட்டுவது தோலின் நிறத்தைத்தான்.

ஆய்வக முட்டையிலிருந்து குட்டியே பிறந்திருக்கிறதே என்ற எதிர்வாதம் வலுவானதே. காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2012 மார்ச் 9-இல் பிறந்த பஷ்மினா குளோன் ஆட்டுக்குட்டி நூரி, ஆய்வகத்தில் முதிர்ந்த முட்டையிலிருந்து வந்தவள்தான். ஆனால் குளோனிங்கில் முட்டையின் சொந்தக் குரோமோசோம்களை அகற்றிவிடுகிறார்கள். மிஞ்சுவது சைட்டோபிளாசம் மட்டுமே. ஆக, ஆய்வக முட்டையும் குட்டி தரும் என்பதற்கு நூரி சான்று. குட்டியைத் தாங்குவது நாம் எண்ணும் உட்கரு முதிர்ச்சி மட்டுமல்ல என்பதற்கும் அவளே சான்று.

மூலப்பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு. அறுப்புக்கு வரும் பெட்டைகளில் பருவம் எட்டாதவையும் கலந்திருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த குமிழியின் முட்டைக்கு வளர்திறன் குறைவு. இனத்தரமும் தெரியாது. சோதனை செய்து பழக இந்த முட்டை போதும். மந்தையை மேம்படுத்தப் போதாது. அதற்குத் தேர்ந்தெடுத்த ஆட்டை உயிரோடு வைத்து, லேப்ராஸ்கோப் வழியாக முட்டை எடுக்க வேண்டும். அதற்குச் செலவு கூடும்.

உட்கருவைச் சில மணி நேரம் நிறுத்திவைத்து, சைட்டோபிளாசத்துக்கு அவகாசம் தரும் இருகட்ட முறைகளை முயன்று வருகிறார்கள். நோயை அறிந்த மருந்து அதுதான்.

என் தீர்ப்பு இது: ஆய்வுக்கும், அருகிவரும் இனங்களைக் காக்கவும் இந்த நுட்பம் தேவை. ஈற்றுக்கு இரண்டு குட்டி சாதாரணமாகப் போடும் ஆட்டை வளர்ப்பவருக்கு, நல்ல கிடாயே இப்போதைக்குப் போதும். முதிர்ச்சி விழுக்காட்டை மட்டும் சொல்லி வெற்றி கொண்டாடும் அறிக்கையை ஏற்க வேண்டாம். பிளாஸ்டோசிஸ்ட் எத்தனை, பிறந்த குட்டி எத்தனை என்று கேட்க வேண்டும்.