முப்பது பர்சன்ட் யார் போட்ட கணக்கு?

கோட்டுச்சேரி கடைத்தெருவில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால், டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். ஒன்று பி.ஒய். 02, இன்னொன்று டி.என். நம்பர். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பேப்பரை மடித்துக்கொண்டே சொல்வார்: "ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கு தம்பி. ஆளுக்குப் பாதி போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

லைட் உடைந்த கேஸுக்கு இது போதும். கால் போன கேஸுக்கு?

அதற்குத்தான் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். அடிபட்டவர் மேலும் தப்பு இருந்தால், அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். கொள்கையில் எனக்குத் தகராறு இல்லை. 1809-ல் இங்கிலாந்தில் ஒருவர், ரோட்டுக்குக் குறுக்கே யாரோ போட்டிருந்த கம்பத்தில் குதிரையோடு மோதி விழுந்தார். 'வேகமாக வந்தது உன் தப்பு' என்று சல்லிக்காசு கொடுக்கவில்லை. அதற்குப் பங்கு போடுவது எவ்வளவோ மேல்.

என் சண்டை, பங்கின் அளவோடு.

2017 ஜனவரியில் கோவையில் நடந்த விபத்து. முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் போட்டது. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வந்தது என்றார் ஓட்டியவர். பின்னால் பைக்கில் வந்த இன்ஜினீயரிங் மாணவர் காரில் மோதி விழ, அவருக்குப் பின்னால் வந்த பஸ் காலில் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

தீர்ப்பாயம் காரை விட்டுவிட்டது. பஸ்ஸுக்கு 80, மாணவருக்கு 20 என்றது. சென்னை உயர் நீதிமன்றம் காருக்கு 40, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 30 என்று மாற்றியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காருக்கு 50, பஸ்ஸுக்கு 30, மாணவருக்குப் பழையபடி 20 என்றது. ஒரே விபத்து, ஒரே சாட்சியம், மூன்று கணக்கு!

மொத்த நஷ்ட ஈடு கடைசியில் 1 கோடியே 14 லட்சம் என்று முடிவாகி, 20 சதவீதம் போக 91 லட்சத்துச் சொச்சம் கைக்கு. அந்த 30 அப்படியே நின்றிருந்தால் இன்னும் 11 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். ஒற்றைக் காலோடு வாழ்க்கையை ஆரம்பிக்கிற பையனுக்கு அது சின்னத் தொகையா?

நான் பி.காம். எங்கள் வாத்தியார் விடை சரியாகவே இருந்தாலும் 'ஒர்க்கிங் நோட் எங்கே?' என்று மார்க்கைக் குறைப்பார். இங்கே அதுதான் இல்லை. நஷ்ட ஈட்டுத் தொகைக்கு 2009-லிருந்து உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. 15 முதல் 25 வயது வரை என்றால், ஆண்டு இழப்பை 18-ஆல் பெருக்கு. வயது ஏற ஏற எண் குறையும். கழிக்கும்போது மட்டும் உத்தேசம்! மாணவர் போதுமான இடைவெளி விடவில்லை, லைசென்ஸும் இல்லை என்று காரணம் சொன்னார்கள். சரி. இடைவெளிக்கு எத்தனை, லைசென்ஸுக்கு எத்தனை? லைசென்ஸ் இருந்திருந்தால் கார் பிரேக் போட்டிருக்காதா? ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில், விதியை மீறியது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு வேண்டும் என்று 2020-ல் சொன்னதும் இதே உச்ச நீதிமன்றம்தான்.

கழிவுக்குப் பட்டியல் போட முடியாது என்பவர்களுக்கு ஒரு தகவல். சீட் பெல்ட் போடாதவருக்கு இங்கிலாந்தில் 1975-லேயே போட்டுவிட்டார்கள். போட்டிருந்தால் காயமே பட்டிருக்காது என்றால் 25 சதவீதம் கழிவு. காயம் கணிசமாகக் குறைந்திருக்கும் என்றால் 15. போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் கழிவே இல்லை.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1985 சட்டப்படி, வண்டி மோதி நடந்து போகிறவருக்கு அடிபட்டால், அவருடைய சாதாரணக் கவனக்குறைவுக்காக நஷ்ட ஈட்டைக் குறைக்க முடியாது. மன்னிக்கவே முடியாத தப்பாக இருந்து, விபத்துக்கு அது ஒன்றே காரணமாகவும் இருந்தால்தான் மறுக்கலாம். 16 வயதுக்குக் கீழே, 70-க்கு மேலே என்றால் அதுவும் செல்லாது. வேண்டுமென்றே போய் விழுந்திருந்தால் ஒழிய. வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் அங்கேயும் கழிவு உண்டு.

நம்மிடம் தப்பு யாருடையது என்று கேட்காமல் தருவது, 2022 ஏப்ரலிலிருந்து, உயிர் போனால் 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் திரும்பவும் பர்சன்ட் கணக்குதான்.

காரைக்காலை விட்டு பிரெஞ்சுக்காரர்கள் போனது 1954 நவம்பரில். அந்தச் சட்டம் வந்தது 31 வருஷம் கழித்து. கோட்டுச்சேரியில் இன்று ரோட்டைக் கடக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு அடிபட்டால், 'பார்த்துப் போயிருக்கணும்' என்று அவர் கணக்கிலும் ஒரு பர்சன்ட் எழுத இங்கே வழி இருக்கிறது. எத்தனை என்பது அன்றைக்கு எந்த கோர்ட்டில் கேஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.