முந்திரித்தோப்பில் ஒரு ட்ரெயில் ஷூ

மலைப்பாதைக்குச் செய்த ட்ரெயில் ஷூ நெய்வேலிக்கு எதுக்கு என்று கேட்கலாம். மலை இல்லைதான், ஆனால் என் ஒரே ஓட்டத்தில் மூன்று தரை வருகிறது: டவுன்ஷிப்பின் தார்ச்சாலை, வெளியே முந்திரித்தோப்புச் செம்மண், ஐப்பசி மழைக்குப் பிறகு களிச்சேறு.

என் ஷூவின் அடியில் 5 மில்லிமீட்டர் பற்கள், நெருக்கமாக. காய்ந்த செம்மண்ணிலும் சருகிலும் பிடிப்பு அபாரம். சேற்றிலும் சமாளித்தது. சறுக்கியது எங்கே தெரியுமா? திரும்பி ஈரமான தார்ச்சாலையில் ஏறியபோது. பல்லிடுக்கில் களிமண் அப்பிக்கிட்டதால் ரப்பர் ரோட்டைத் தொடவே இல்லை. முழங்காலில் சிராய்ப்பு.

"எல்லாத் தரைக்கும்" என்று விற்கிற ஷூவைத் தரை மாறும் இடத்தில்தான் சோதிக்கணும். நம்மூருக்கு இடைவெளி விட்ட 3 மில்லிமீட்டர் பற்களே போதும், சேறு உதிர்ந்துவிடும். எதுவானாலும், ரோட்டில் ஏறுமுன் ஷூவை ஒரு தட்டு தட்டிக்கோங்க.