வழக்கும் வழுவும்: யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழ் பற்றிய இரு நோக்குகள்

மொழியை ஆராய்வோர் இரு திறத்தர். மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் கண்டு கூற முற்படுவோர் ஒரு திறத்தர். எவ்வாறு பேசுதல் வேண்டும் என விதிக்க முற்படுவோர் மற்றொரு திறத்தர். முன்னவரது நோக்கு விவரண நோக்கு என்றும் பின்னவரது நோக்கு விதிமுறை நோக்கு என்றும் வழங்கப்படும். இவை இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன என்ற கருத்துப் பரவலாக உண்டு. ஆயின், 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகிலே நிகழ்ந்த 'இழிசனர் வழக்கு' விவாதத்தை நுணுகி நோக்குமிடத்து, இலக்கணத்தின் பெயரால் நடைபெற்ற அப்பிணக்கிலே இலக்கணத்திற்கு இருந்த இடம் மிகச் சிறிது என்பது புலனாகும். யாருடைய வாய்மொழி ஏட்டில் ஏறலாம் என்பதே அங்கு உண்மையான வினாவாக இருந்தது.

விவாதத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. கே. டானியல், டொமினிக் ஜீவா முதலிய முற்போக்கு எழுத்தாளர் தம் சிறுகதைகளிலே உழைக்கும் மக்களின் பேச்சை அவ்வாறே கையாண்டனர். ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. இவ்வெழுத்து மரபு பிறழ்ந்தது, இழிசனர் வழக்கைக் கொண்டது என்று கலாநிதி ஆ. சதாசிவம் முதலிய மரபாளர் கண்டித்தனர். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் எதிர்த்து வாதிட்டனர். இது பின்னர் மரபுப் போராட்டம் எனப் பெயர் பெற்றது.

மரபாளர் இலக்கண நூல்களைத் துணைக்கொண்டனர். ஆதலின் அந்நூல்கள் யாது கூறுகின்றன என்று காண்பது பொருத்தமாகும். தொல்காப்பியத்தின் பாயிரமே வழக்கையும் செய்யுளையும் இரண்டு முதல்களாகக் கொண்டு நூல் ஆக்கப்பட்டதாகத் தெரிவிக்கின்றது. உலகத்தார் பேச்சை நாடாது இலக்கணம் வகுக்கப்படவில்லை என்பது இதன் பொருள். அந்நூலே மரபியலில் வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்தது என்றும் உரைக்கின்றது. அவ்வுயர்ந்தோர் யாவர் என்பதை அச்சூத்திரம் வரையறுத்துக் கூறவில்லை. அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு காலமும் தனக்கேற்ற வகையில் நிரப்பிக்கொண்டது. நன்னூலோ இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றையும் இயல்பு வழக்கினுள் அடக்குகின்றது. 'அருமருந்தன்ன' என்பது 'அருமந்த' என மருவியதை அது பிழை என்று தள்ளாது வழக்கு என்று ஏற்கின்றது. அன்றியும், பழையன சில நீங்குவதும் புதியன சில புகுவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமன்று எனச் சொல்லதிகாரத்தின் முடிவிலே கூறுகின்றது. விதிமுறை நோக்கின் கோட்டை எனக் கருதப்படும் நூல்களுள் விவரணம் இவ்வாறு உறைந்து கிடக்கின்றது. மரபாளர் மரபை முழுவதும் படித்திருப்பின் விவாதம் வேறு திசையிற் சென்றிருக்கும்.

இனி, இழிந்தது எனப்பட்ட வழக்கின் இயல்பை நோக்கலாம். யாழ்ப்பாணப் பேச்சிலே 'எப்ப வந்தனீங்கள்?' என்று வினவினால் 'நேற்று வந்தனான்' என்று விடை வரும். நிகழ்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுமிடத்து அதே மனிதர் 'போனன், கண்டன், வந்தன்' என்பர். 'வந்தன்', 'வந்தனான்' ஆகிய இரண்டும் ஒன்றல்ல. வருகை என்ற செயல் கேட்போருக்கும் சொல்வோருக்கும் முன்னரே தெரிந்ததாக இருந்து, காலமோ இடமோ காரணமோ முதன்மை பெறும்போதே 'வந்தனான்' பெரும்பாலும் வருகின்றது. படர்க்கையிலும் இவ்வாறே 'அவர் எப்ப வந்தவர்?' என்பர். 'வந்தவர்' என்பது இலக்கணம் கூறும் வினையாலணையும் பெயரே. அது இங்கு பயனிலையாக நிற்கின்றது. 'வந்தனான்' அதன் தன்மை வடிவமாகும். எழுதப்படிக்கத் தெரியாத கிழவியும் இவ்வேறுபாட்டைப் பிழையறக் கையாளுவாள். எந்தப் பாடநூலும் அவளுக்கு இதைக் கற்பிக்கவில்லை. மாணவன் தன் கட்டுரையில் 'நான் நேற்று வந்தனான்' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்டு 'வந்தேன்' எனத் திருத்துவார். திருத்தம் எழுத்துவழக்கைப் பொறுத்தவரை நியாயமானதே. ஆயின் 'பிழை' என்ற சொல், ஒழுங்குள்ள ஒரு விதியை ஒழுங்கின்மையாகக் காட்டிவிடுகின்றது.

'உது' என்ற சுட்டும் அத்தகையதே. அ, இ, உ என்ற மூன்றனையும் சுட்டாகக் கூறுவது தொல்காப்பியம். இடைநிலைச் சுட்டாகிய உகரம் தமிழகத்துப் பேச்சிலே வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்', 'உங்கை' என வாழ்ந்து வருகின்றது. ஒலியமைப்பிலும் இந்நிலையைக் காணலாம். தமிழகப் பேச்சில் 'எலை' எனவும் 'ஒடம்பு' எனவும் திரிந்தவை யாழ்ப்பாணத்தில் 'இலை' எனவும் 'உடம்பு' எனவும் நிலைத்துள்ளன. இவற்றைக் காட்டி யாழ்ப்பாணத்தார் பேச்சே தூய செந்தமிழ் என்று பெருமை பேசும் வழக்கம் குடாநாட்டிலே நெடுங்காலமாக உண்டு.

இங்கேதான் ஒரு முரண் தலைகாட்டுகின்றது. பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ளவரோடு ஒப்பிடும்போது செந்தமிழாகிய பேச்சு, ஊருக்குள் ஒரு கூலியாளின் வாயிலிருந்து வரும்போது இழிசனர் வழக்கு ஆகிவிடுகின்றது. 'இலை' என்று உச்சரிப்பவன் அவனுந்தான். 'உது' என்று சுட்டுபவனும் அவனே. மொழியைப் பற்றிய தீர்ப்பு இவ்வாறு ஆளுக்கு ஆள் மாறுமாயின், தீர்ப்புக்கு உட்பட்டது மொழியன்று.

இதற்குச் சான்றாகப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்களைக் கொள்ளலாம். வடமராட்சியிற் பிறந்து, தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். கல்வெட்டுகளிலே இலக்கண நூல்கள் கூறாத வடிவங்கள் மலிந்திருப்பதை அறிந்த ஒருவர் மக்கள் பேச்சை அஞ்சாது கையாண்டதில் வியப்பில்லை. 1940இல் வெளிவந்த 'நானாடகம்' என்ற தொகுதியிலே யாழ்ப்பாணப் பேச்சு வழக்கு முழுமையாக இடம்பெற்றது. அத்தொகுதி எழுப்பிய சலசலப்பு, இருபது ஆண்டுகளின் பின் ஜீவாவின் கதைகளும் டானியலின் கதைகளும் எழுப்பிய புயலின் அளவினதன்று. எழுதியவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பதும், 'உடையார் மிடுக்கு' போன்ற நாடகங்களிலே பேசுவோருட் பலர் ஊரில் மதிப்புடையோர் என்பதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணமாதல் கூடும். வினைவிகுதிகளோ வேற்றுமையுருபுகளோ இருசாரார் எழுத்திலும் பெரிதும் வேறுபட்டனவல்ல.

சாதியும் மொழியும் யாழ்ப்பாணத்தில் எத்துணை நெருங்கிப் பின்னியிருந்தன என்பதைப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா தம் ஆய்வுகளிலே எடுத்துக்காட்டினார். முன்னிலையிலே நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் இங்கு உள்ளன. இலக்கணத்திற் பன்மையாகிய 'நீர்' யாழ்ப்பாணத்தில் ஒருவரையே இடைநிலை மதிப்புடன் குறிக்கும். ஆசிரியர் வளர்ந்த மாணவரை விளிப்பதும் கணவன் மனைவியை விளிப்பதும் அதனாலேயே. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவரை உயர்சாதிச் சிறுவனும் 'நீ' என்றே அழைத்த காலம் இருந்தது. விதிமுறையாளர் எவரும் இதனை மரபு வழு என்று கண்டித்து எழுதியதாகத் தெரியவில்லை. 'வந்தனான்' என்பதிற் கண்ட இழிவை இதிற் காணாமை சிந்திக்கத்தக்கது.

இதே காலப்பகுதியில் அமெரிக்காவிலும் ஒரு புயல் வீசியது. 1961இல் பிலிப் கோவ் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெப்ஸ்ரர் அகராதியின் மூன்றாவது பெரும்பதிப்பு வெளிவந்தது. மக்கள் ஆங்கிலத்தை எவ்வாறு வழங்குகின்றனரோ அவ்வாறே பதிவுசெய்ய முற்பட்ட அது, 'எயின்ற்' என்னும் எதிர்மறைச் சொல்லைக் கண்டிக்காது விளக்கியது. நியூயோர்க் ரைம்ஸ் உள்ளிட்ட ஏடுகள் வெகுண்டெழுந்தன. அகராதி தன் கடமையைக் கைவிட்டது என்றனர். 1969இல் வெளிவந்த அமெரிக்கன் ஹெரிற்றேஜ் அகராதி, வழக்கைப் பற்றித் தீர்ப்புக் கூறுதற்கென எழுத்தாளரும் அறிஞரும் கொண்ட குழுவொன்றையே அமைத்துக்கொண்டது. ஆங்கிலத்தின் 'உயர்ந்தோர்' அங்கே பெயர் சுட்டி நியமிக்கப்பட்டனர் எனலாம். யாழ்ப்பாணத்தில் அவ்வாறு நியமிக்கவேண்டிய தேவை எழவில்லை, ஊர் அறிந்திருந்தது.

முற்போக்காளர் தரப்பிலும் குறை இல்லாமல் இல்லை. அவர்கள் பேச்சுவழக்கை யதார்த்தத்தின் பெயரால் ஆதரித்தனர். பாத்திரம் எவ்வாறு பேசுமோ அவ்வாறே எழுதவேண்டும் என்பது வாதம். அவ்வாதம் வென்றது. ஆனால் அவர்தம் கதைகளைப் புரட்டிப் பார்க்குமிடத்து, பேச்சுமொழி பெரும்பாலும் மேற்கோட் குறிகளுக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதைக் காணலாம். கதையைச் சொல்பவர், நிலத்தை வருணிப்பவர், அநீதியைப் பகுத்துரைப்பவர் எப்போதும் எழுத்துத்தமிழிலேயே பேசுகின்றார். 1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலும் பெரிதும் இவ்வாறே. உழைப்பாளி தன் துயரைத் தன் மொழியிற் கூறலாம். அத்துயரின் பொருளைக் கூறுதற்கு மாத்திரம் வேறொருவரின் மொழி வேண்டியதாயிற்று. கோயில் வெளிவீதிவரை அனுமதித்து உட்பிரகாரத்தைப் பூட்டிவைத்தது போன்றது இது என்று ஒருவர் கூறினால் அதனை எளிதில் மறுத்தல் இயலாது. எழுத்துத்தமிழின் தேவையை மறுப்பதற்காக இது கூறப்படவில்லை. பருத்தித்துறையில் எழுதப்படுவதை மதுரையிலும் கோலாலம்பூரிலும் படிக்க வைப்பது அதுவே. ஆறுமுக நாவலரின் உரைநடை இருகரையிலும் போற்றப்பட்டமைக்கும் அதுவே காரணம். கேள்வி வேறு: இரண்டனுள் ஒன்று அறிவுக்கு உரியது, மற்றது சுவைக்கு மாத்திரம் உரியது என்ற பாகுபாட்டை முற்போக்காளரும் அறியாமலே ஏற்றுக்கொண்டனரா என்பதே அது.

விவரண மொழியியலாரின் நிலையோ வேறு வகையானது. யாழ்ப்பாணத் தமிழின் ஒலியன்கள், வினைவடிவங்கள், முன்னிலைப் பெயர்கள் ஆகியவை பற்றி நுட்பமான ஆய்வுகள் செய்யப்பட்டுள்ளன. ஆயின் அவற்றின் பெரும்பகுதி ஆங்கிலத்தில், ஆய்விதழ்களிலும் பட்ட ஆய்வேடுகளிலும் உறைந்துள்ளது. சிவப்பு மையால் 'வந்தனான்' என்பதைத் திருத்தும் ஆசிரியரின் மேசைக்கு அவை வந்து சேரவில்லை. 1999இல் வெளிவந்த எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' தற்கால எழுத்துத்தமிழை உள்ளவாறே விவரிக்க முற்பட்டு, நன்னூலை மாத்திரம் நம்பியிருந்த வகுப்பறைக்குப் பெருந்துணை புரிந்தது. அதன் பொருள் எழுத்துத்தமிழாதலின் பேச்சின் இலக்கணத்தை அதனிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

ஆகவே இலக்கியத்திலே அரைநூற்றாண்டுக்கு முன்பு முடிந்த விவாதம் பள்ளிக்கூடத்திலே இன்னும் முடியவில்லை. அங்கே 'இழிசனர் வழக்கு' என்ற தொடரை இன்று எவரும் உச்சரிப்பதில்லை. 'கொச்சை' என்ற சொல் அதன் இடத்தில் இருந்து அதே பணியைச் செய்கின்றது. 'இது எழுத்தில் வராது, பேச்சில் இதற்கு இன்ன விதி உண்டு' என்று ஆசிரியர் கூறவேண்டுமாயின் அவ்விதி தமிழில், அவர் கைக்கெட்டும் விலையில், ஒரு சிறு நூலாகவேனும் இருத்தல் வேண்டும். 'வந்தனான்' எப்போது வரும், எப்போது வராது என்பதை நான்கு பக்கங்களில் எழுதிவிடலாம். உகரச் சுட்டுக்கு இரண்டு பக்கம் போதும்.