ஆறாம் அடுக்கின் அடிவிளிம்பு

எலியின் பெருமூளைப் புறணியில், விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்ற பெப்டைடு பட்டால் எந்த நியூரான் கிளர்கிறது? லாரன்ஸ் பாயரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட விடை, எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மேலடுக்குகள் அசையவில்லை. ஆறாம் அடுக்கின் அடிவிளிம்பில், வெள்ளைப் பொருளை ஒட்டி ஓடும் 6பி என்ற மெல்லிய பட்டை மட்டும் நேரடியாகக் கிளர்ந்தது.

நேரடியாகத்தானா? பக்கத்து நியூரான் தூண்டியும் இது துடித்திருக்கலாம் அல்லவா? பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினைச் சேர்த்து, சுற்றியிருந்த மின்துடிப்புகளை அடக்கிப் பார்த்தார்கள். அப்போதும் 6பி நியூரானின் மின்னழுத்தம் ஏறியது.

ஏறிய விதம் அதைவிட நயமானது. குளுட்டமேட் போன்ற நரம்புக் கடத்திகள் செல்சவ்வின் வாயில்களைத் திறந்து சோடியத்தை உள்ளே விட்டு நியூரானை உசுப்பும். ஓரெக்சின் இங்கே ஒரு வாயிலை மூடுகிறது. ஓய்விலிருக்கும் நியூரானிலிருந்து பொட்டாசியம் அயனிகள் நேர்மின்சுமையோடு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். செல்லின் உட்புறம் எதிர்மின்னாக நிற்பது அதனால்தான். அந்தக் கசிவு குறைந்தால் சுமை உள்ளே தங்கும். மடையை அடைத்தே ஏரியின் மட்டத்தை உயர்த்தும் சிக்கனம்! கசிவு குறைந்த நியூரானில் வேறு சிறு தூண்டலும் பெரிதாக உறைக்கும்.

எந்த ஏற்பியின் வழியாக? ஓரெக்சின் இரு வகை. ஏற்பியும் இரு வகை. 33 அமினோ அமிலங்கள் கொண்ட 'ஏ' இரண்டு ஏற்பிகளையும் ஏறத்தாழ ஒரே வலுவில் பற்றும். 28 கொண்ட 'பி' இரண்டாம் ஏற்பியையே நாடும். முதலாவதில் அதற்குப் பிடிப்புக் குறைவு. 6பியில் 'பி'யும் 'ஏ'க்குச் சளைக்கவில்லை. அப்படியானால் இங்கே வேலை செய்வது இரண்டாம் ஏற்பி. மூளையே சுரக்கும் இரண்டு மூலக்கூறுகளின் வேறுபாட்டை வைத்தே மூளையைக் கேட்டறிந்த இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

6பி நியூரான்கள் புறணி உருவாகும்போது முதலில் பிறப்பவற்றின் எச்சம்; கூடப் பிறந்தவற்றில் பல மடிந்துவிடும். பட்டை மெல்லியதுதான், ஆனால் தொடுவுணர்வு, பார்வை, இயக்கம் என்று எல்லாப் பகுதிகளின் அடியிலும் ஓடுகிறது. ஹைப்போதலாமஸிலிருந்து வரும் விழிப்பின் பெப்டைடு புறணி முழுவதையும் எட்ட இதைவிட நல்ல இடம் ஏது?

1999இல் ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மிக்னோவின் குழு, நார்கோலெப்சி என்ற தூக்க நோய் கண்ட டாபர்மேன் நாய்களில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தது. அதுவும் இரண்டாம் ஏற்பிக்குரியது. அதற்காக நோயை 6பியின் தலையில் கட்டிவிட முடியாது. இரண்டாம் ஏற்பி மூளையின் வேறு விழிப்பு மையங்களிலும் உண்டு.