கடமையின் வேர்: அறத்துக்குத் தமிழ் மரபு தந்த அளவைகள்

ஒன்றைச் செய்தே தீரவேண்டும் என்கிறோம். அந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது? ஊர் வழக்கத்திலிருந்தா, நூலின் ஆணையிலிருந்தா, அரசுகள் இட்ட கையெழுத்திலிருந்தா? அல்லது நாம் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் அசையாமல் நிற்கும் ஒன்றிலிருந்தா? தமிழ்நாடு – கேரள எல்லையில் உள்ள கோபாலபுரத்தில் வாழ்பவர்க்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. பொள்ளாச்சிச் சாலையில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, சட்டம் மாறுகிறது. கடமையும் மாறுமா?

உலகம் இப்படி, இப்படி என்று எத்தனை சொன்னாலும், ஆகவே இதைச் செய் என்ற முடிவு அதிலிருந்து எப்படிக் கிடைக்கும் என்று 1740இல் கேட்டார் மெய்யியலாளர் டேவிட் ஹியூம். நன்மை தீமைகள் உலகில் தாமாக இருப்பவை அல்ல, மனிதர் ஆக்கிக்கொண்டவை என்று 1977இல் வாதிட்டார் ஜே. எல். மாக்கி. இரண்டும் வலுவான அறைகூவல்கள். நம் மரபு இவற்றுக்குச் சொல்லக்கூடிய விடைகளை நான்கு பள்ளிகளாக வகுக்கலாம்.

முதலாவது, நூலை அளவையாகக் கொள்வது. மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதைத் தவிர்ப்பதுமே அறம் என்று குறளுக்கு உரை வகுத்தார் பரிமேலழகர். வேத விதிகளுக்குப் பொருள் காண முயன்ற மீமாஞ்சகர் இன்னும் நுட்பமாக ஆராய்ந்தார்கள். விதி ஏவுகிறது, கடமை பிறக்க அதுவே போதும் என்றார் பிரபாகரர். செயல் நன்மை தரும் என்ற அறிவில்லாமல் யாரும் செயலில் இறங்கமாட்டார்கள் என்றது குமாரிலபட்டர் வழி. நூல் வழியில் தெளிவு உண்டு. ஆனால் அந்த நூலை ஏற்காதவரை அது எப்படிக் கட்டும்? இந்தக் கேள்விக்கு அங்கே விடை இல்லை.

இரண்டாவது, சான்றோர் நடையை அளவையாகக் கொள்வது. வள்ளல் ஆய் மறுமைப் பயனை எண்ணி அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன், சான்றோர் சென்ற நெறி என்பதாலேயே கொடுக்கிறான் என்று புறநானூற்றில் பாடுகிறார் முடமோசியார். ஆதாயக் கணக்கைத் தள்ளிவிட்டுக் கடமையை நிறுத்திய பெருமை இந்தப் பாட்டுக்கு உண்டு. ஆனால் சான்றோரைச் சான்றோர் என்று எதைக்கொண்டு அறிவது என்ற கேள்வி மிஞ்சுகிறது.

மூன்றாவது, மனத்தை அளவையாகக் கொள்வது. மனம் மாசற்றிருப்பதே அறம், மற்றதெல்லாம் ஆரவாரம் என்கிறார் வள்ளுவர். அதோடு அவர் நிற்கவில்லை. வாய்மை எது என்று சொல்ல வரும்போது, பிறருக்குத் தீங்கு தராத சொல் என்கிறார். சொல்பவரின் உள்ளத்தோடு கேட்பவருக்கு நேர்வதையும் சேர்த்து எடைபோடுகிறார். இந்த இடத்தில் அளவை நம் கருத்துக்கு வெளியே, பிறர் படும் தீங்கில் போய் நிற்கிறது.

நான்காவது பள்ளி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அமுதசுரபியோடு புகார் நகர்ச் சிறைக்குள் சென்று மணிமேகலை உணவளிக்கிறாள். செய்தி அறிந்த சோழமன்னன் என்ன வேண்டும் என்று கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்கிறாள். உள்ளே இருந்தவர்கள் சட்டம் தண்டித்தவர்கள். அவர்களுக்குச் சோறிட எந்தத் தீர்ப்பும் யாரையும் கட்டவில்லை. இருந்தும் அவர்கள் பசி அவளைக் கட்டியது. 1867இல் வடலூரில் தருமசாலை கண்ட வள்ளலார் அதற்குக் காரணமும் சொன்னார்: உயிர்கள் அனைத்தும் ஓரினம், ஆகவே ஓர் உயிர் துன்புறக் கண்டு மற்றோர் உயிர் உருகுவது உடன்பிறப்பின் உரிமை. தமிழிலும் பாடி, குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்த நாராயணகுரு, தன் இன்பத்துக்காகச் செய்வது பிறர் இன்பத்துக்கும் ஆகவேண்டும் என்று ஆத்மோபதேச சதகத்தில் அறிவுறுத்தினார். எல்லைக்கு இருபுறமும் ஒரே குரல்.

இந்த அளவைகளை நம் கண்முன் உள்ள தண்ணீரில் வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. கேரளத்தின் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்குத் தமிழ்நாடு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தரவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வுக்கும் அதில் இடம் உண்டு. இடுக்கி எல்லையில் 1886இல் எழுதப்பட்ட முல்லைப் பெரியாற்று அணைக் குத்தகைக்கோ காலம் 999 ஆண்டுகள்.

கையெழுத்துதான் கடமையின் வேர் என்றால், ஓர் ஒப்பந்தம் நியாயமற்றது என்று சொல்லவே முடியாது. ஆனால் சொல்கிறோம். இருதரப்பும் சொல்கிறது. மறு ஆய்வு என்பதே ஒப்பந்தத்துக்கு வெளியே ஓர் அளவுகோல் இருப்பதை ஒப்புக்கொள்வதுதான். கையெழுத்திட்டோர் மறைந்து, அன்று பிறக்காதவர்கள் இன்று ஆற்றை நம்பி வாழ்கிறார்கள். தேனியிலும் மதுரையிலும் வயல் காயும் துயரமும், அணைக்குக் கீழே குடியிருப்பவரின் அச்சமும் யாருடைய கையெழுத்தாலும் உண்டானவை அல்ல. யாருடைய கையெழுத்தாலும் அழிபவையும் அல்ல.

ஹியூமுக்கு நம் மரபின் விடை இதுதான் என்று கருதுகிறேன். துன்பம் வெறும் தகவல் அல்ல. அது நீங்கவேண்டும் என்ற கோரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது. நம் வலியில் அந்தக் கோரிக்கையை உடனே ஏற்கிறோம். அடுத்தவர் வலியில் மறுக்க வேண்டுமானால், அது அவருடையது என்பதைத் தவிர வேறு காரணம் காட்டவேண்டும். அப்படியொரு காரணம் இல்லை. உயிர்கள் ஓரினம் என்ற சமயக் கொள்கையை ஏற்காதவரும் இதிலிருந்து தப்பமுடியாது.

எந்தத் துயரை முதலில் தீர்ப்பது, எப்படிப் பங்கிடுவது என்பதில் வழக்கு எழும். அதற்கு நூலும் சான்றோரும் தூய மனமும் ஒப்பந்தமும் தேவை. அவை அறத்துக்குக் கருவிகள். வேர், பிறர் படும் துன்பம். கருவி வேருக்கு எதிராகத் திரும்பும்போது கருவியைத் திருத்தவேண்டும். தமிழும் மலையாளமும் கலந்த இந்த மண்ணில் அதைச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கு நேர்வதைப் பேசும்போது அந்தத் துணிவு இருமடங்கு வேண்டும்.